மஞ்சள் படிக்குக் கீழே ஒரு முழுப்பக்கம்

அந்த ஊர் நாளிதழுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிற அம்மாளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவள் முழுப்பக்கம். தெருமுனையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே, "முழுப்பக்கம் வருது, கல்லாவைப் பூட்டுங்கப்பா" என்று கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். அவள் காதிலும் விழும். விழுந்தால் என்ன, வெட்கப்படுகிற ஆளா அவள்? ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பூட்டுங்க, நல்லா பூட்டுங்க. சாவியை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க" என்பாள்.

எந்தக் கடைக்குப் போனாலும் அவள் முதலில் கேட்பது முழுப்பக்க விளம்பரம்தான். பஞ்சர் ஒட்டுகிறவரிடம்கூடக் கேட்டிருக்கிறாள். "அக்கா, நான் ஒட்டுற ஒட்டே உள்ளங்கை அளவு, எனக்கெதுக்கு முழுப்பக்கம்?" என்று அவர் அலறுவார். சரி, அரைப்பக்கம் என்பாள். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். கால் பக்கம் என்பாள். இப்படியே இறங்கி இறங்கி ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்து நிற்கும்போது, தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவர் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். தொழில் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு முழுப்பக்கமாவது விற்றுவிட்டுத்தான் வேலையை விட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டாள். தலை நரைக்கத் தொடங்கியும் அது நடக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் தரைத்தளம் விளம்பரத்துக்கு, மாடி செய்திக்கு. நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு. அதன் முதல் படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். இப்போதிருக்கிற பத்திரிகை ஆசிரியரம்மாவின் அப்பா ஆசிரியராக இருந்த காலத்தில் அடித்தது. விளம்பரம் பிடிக்கிற யாரோ ஒருவர் மாடியேறிப் போய், யாரோ ஒரு பெரிய மனுஷனைப் பற்றிய செய்தியை நிறுத்தச் சொல்லி, அதுவும் நின்று, ஊரே காறித் துப்பாத குறையாகப் பேசியதாம். அன்றைக்குச் சாயங்காலமே அந்த அப்பா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணம் வாங்குகிறவர்கள் மஞ்சள் படியைத் தாண்டக் கூடாது. எழுதுகிறவர்கள் விளம்பரக் கணக்கைக் கேட்கக் கூடாது. இரண்டு பக்கமும் போய்வரலாம் என்றால் அது ஆசிரியர் ஒருவர்தான். முழுப்பக்கம் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டுக்காரர் அந்த மாடியில்தான் நிருபர்.

ஆமாம், ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். வாசலில் இறங்கியதும் அவர் மாடிக்கு, இவள் தன் மேசைக்கு. வீட்டில் அவரை அவள் கூப்பிடுவதே மேல்மாடி என்றுதான். "மேல்மாடி காலியா, சாமான் ஏதாவது இருக்கான்னு நான் பாத்ததில்லைங்க, ஆசிரியரம்மாவைத்தான் கேக்கணும்" என்று சொந்தக்காரர்களிடம் சிரிக்காமல் சொல்வாள். அவர் பதிலுக்கு அவளைக் கீழ்வீடு என்பார். ஆனால் அலுவலக விஷயம் மட்டும் வீட்டுக்குள் வராது. மஞ்சள் படியைச் சாப்பாட்டு மேசைக்கு நடுவிலும் ஒன்று போட்டுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன எழுதுகிறார் என்று மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். அவள் என்ன விற்றாள் என்று அவருக்கும் அப்படித்தான்.

பேப்பரின் நிலைமை கொஞ்ச காலமாகவே இழுபறி. எல்லாரும் போனிலேயே ஓசியில் செய்தி படித்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் விளம்பரத்தையும் போனுக்கே கொண்டுபோய்விட்டார்கள். தீப்பெட்டி அளவு கேட்டவர்கள் இப்போது தீக்குச்சி அளவுக்குப் பேரம் பேசினார்கள். அந்தச் சமயத்தில்தான் முழுப்பக்கத்துக்கு ஒரு பெரிய மீன் சிக்கியது. கேன் தண்ணீர் முதலாளி. ஊரில் பாதி வீடுகளில் அவருடைய நீலக் கேன்தான் நிற்கும். அவள் வீட்டிலும் நின்றது. முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியை ஒரு மாதம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன், பிடித்திருந்தால் வருஷம் பூரா என்று அவர் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விளம்பர வாசகத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள். "கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கள்!" முதலாளி கைதட்டினார். கண்ணை மூடிக் குடிக்கிற ஒரு குழந்தையின் படமும் போட்டாயிற்று.

அன்று வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. வாயைத் திறந்தால் விஷயம் விழுந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டு வைத்தாள். பார்த்தால் எதிரே மேல்மாடியும் தனக்குள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்து அவரே எழுந்து போய்த் தண்ணீர் காய்ச்சினார். நாலைந்து நாளாகவே இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. கேன் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற வைத்து, அவளுடைய பாட்டிலிலும் ஊற்றி வைப்பார். கேட்டால், "தொண்டை சரியில்ல" என்பார்.

"உங்க தொண்டைக்கு எதுக்குங்க நான் சுடுதண்ணி குடிக்கணும்?"

"குடியேன். உடம்புக்கு நல்லதுதானே?"

வயசாகிறது, பாசம் பொங்குகிறது என்று நினைத்து அவளும் குடித்து வைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சந்தோஷத்தை வயிற்றில் அடக்கிக்கொண்டு தூங்கிப் போனார்கள்.

காலையில் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தை விரித்தவள் அப்படியே நின்றாள். மேல்பாதியில் கொட்டை எழுத்தில்: "கேன் தண்ணீரில் கிருமி: இரண்டு பரிசோதனையிலும் உறுதி." எழுதியவர் அவள் வீட்டுக்காரர். நிறுவனத்தின் பெயர், கேனின் படம், சோதனைக்கூடம் சொன்னது, எல்லாம் அப்பட்டமாக இருந்தது. அதற்கு நேர் கீழே, அதே கேன், அதே பெயர், கண்ணை மூடிக் குடிக்கிற குழந்தை.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்தார். மேலே பார்த்தார். முகம் மலர்ந்தது. கீழே பார்த்தார். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"இது... நீயா?"

"இது நீங்களா?"

நடந்தது இதுதான். மேல்பாதியை மாடியிலிருந்து அனுப்புவார்கள், கீழ்ப்பாதியைத் தரைத்தளத்திலிருந்து அனுப்புவார்கள். இரண்டும் ஒட்டுவது ஊருக்கு வெளியே இருக்கிற அச்சகத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆசிரியரம்மா அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். பின்னால் அச்சகத்துக்காரரைப் பிடித்துக் கேட்டபோது, "ரெண்டும் உங்க ஆபீஸ்ல இருந்துதானே வந்துச்சு? ஏதோ நக்கலுக்குப் போடுறீங்கன்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே அடிச்சேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

முழுப்பக்கத்துக்கு வந்த கோபம் விளம்பரத்துக்காக இல்லை. "தொண்டை சரியில்லன்னீங்களே! நம்ம வீட்டுக்கு மட்டும் காய்ச்சினீங்க. ஊர் குடிக்கலையா?"

அவர் பிரஷ்ஷை எடுத்தார். "முதல் பரிசோதனையை வெச்சு எழுதியிருந்து, அது தப்பாப் போயிருந்தா ஒரு மனுஷன் பொழைப்புல மண்ணைப் போட்டிருப்போம். ரெண்டாவது முடிவு நேத்து மத்தியானம்தான் வந்துச்சு. அந்த நாலஞ்சு நாளும் நான் தூங்கின மாதிரியா தெரிஞ்சுது உனக்கு?"

தூங்கவில்லைதான். புரண்டு புரண்டு படுத்தது அவளுக்கும் தெரியும். அதையும் தொண்டைக் கணக்கில்தான் எழுதியிருந்தாள். மறுபடியும் பேப்பரைப் பார்த்தாள். கிருமி, கிருமிக்குக் கீழே குழந்தை, குழந்தைக்குக் கீழே தன் கைவண்ணம். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு சிரிப்பு பீறிட்டது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அலுவலகத்தில் சிரிப்பில்லை. தண்ணீர் முதலாளி ஆளனுப்பி வரச் சொன்னார். அவள் போனாள். குளுகுளு அறையில் அவர் பேப்பரை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். கத்துவார் என்று பார்த்தால், குரல் தேனாக இருந்தது.

"ஏம்மா, நடந்தது நடந்து போச்சு. பரிசோதனையில தப்பு நடந்துபோச்சுன்னு நாளைக்கு மேல ஒரு நாலு வரி வரட்டும். இந்த ஒப்பந்தம் அப்படியே இருக்கும். அதோட, வருஷம் பூரா வாராவாரம் முழுப்பக்கம் தர்றேன்."

முழுப்பக்கம்! வாராவாரம்! அவள் நெஞ்சு ஒரு குதி குதித்தது. பொய் சொல்லக் கூடாது, ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

"உன் வீட்டுக்காரர்தானேம்மா எழுதினது? சாப்பிடும்போது காதுல ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு ஆசை அறுந்தது. "முதலாளி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே தட்டுல சாப்பிடாத குறை. எல்லாம் பேசியிருக்கோம். இந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குப் பழக்கமில்ல" என்றாள். எழுந்து வரும்போது, "அந்த ஒப்பந்தத்தையும் கிழிச்சிடறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இப்போது தேன் இல்லை.

மத்தியானம் ஆசிரியரம்மா காய்ச்சலோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்தார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "அக்கா, இந்தத் தண்ணி விளம்பரத்தை நம்பித்தான் அடுத்த மாசம் காகிதம் வாங்கலாம்னு இருந்தேன். ஒரு பெரிய கம்பெனி பேப்பரை விலைக்குக் கேக்குது. பேரும் தரைத்தளமும் போதுமாம். மாடி வேணாமாம். செய்தியெல்லாம் அவங்க எங்கேர்ந்தோ அனுப்பிடுவாங்களாம். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

மாடி வேண்டாமாம். தன் வேலை இருக்கும், மேல்மாடிக்கு இருக்காது என்பது ஒன்று. அதைவிட, அடுத்த தடவை தண்ணீரில் கிருமி வந்தால் யார் போய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள்? எங்கேயோ உட்கார்ந்திருக்கிற கம்பெனியா வரும்?

மறுநாள் பேப்பருக்கு முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி அம்போவென்று கிடந்தது. மாடிக்குக் கொடுத்தால் செய்தி போட்டு நிரப்பிவிடுவார்கள். "கொடுக்க மாட்டேம்மா, அது என் இடம்" என்று ஆசிரியரம்மாவிடமே மல்லுக்கு நின்றாள் முழுப்பக்கம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சரக்குக்கு வாசகம் எழுதியவள், முதல் தடவையாகத் தன் சரக்குக்கு எழுதினாள்:

"இந்த இடம் காலி. இங்கே இருந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று நேற்று மேலே படித்திருப்பீர்கள். மேலே எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கீழே இருக்கும் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. பெரிய ஆள் ஒருவர் வாங்கினால் அவர் கோபித்துக்கொள்ளும்போது எல்லாம் போய்விடும். அதனால் வரி வரியாக விற்கிறேன். மாதம் ஒரு வரி, ஒரு டீ விலை. பொய்யும் வசவும் தவிர எது வேண்டுமானாலும் எழுதலாம். செய்தியை மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள், எனக்கு மாடிக்கு வழி தெரியாது. இப்படிக்கு, முழுப்பக்கம்."

ஊர் முழுக்க அந்த முந்தின நாள் பேப்பர்தான் பேச்சு. கிருமியும் குழந்தையும் இருந்த பக்கத்தை வெட்டி முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். "அட, காசு குடுத்தவன் தலைமேலயே போட்டிருக்காங்களே! இவங்களை வாங்க முடியாதுய்யா" என்று ஒருவர் சொல்ல, அதையே ஊர் சொல்லிற்று. நிஜத்தில் அது தவறிப்போய் நடந்த கூத்து. அதை முழுப்பக்கம் வருகிறவர்களிடமெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். "ஆங்! ஒருத்தருக்கொருத்தர் தெரியாமத்தான் வேலை பாக்குறீங்கன்னா அது இன்னும் நல்லதாப் போச்சு" என்று பதில் வந்தது.

முதலில் வந்தது பஞ்சர்காரர். "அக்கா, இத்தனை வருஷத்துல எனக்குத் தோதான அளவை இன்னிக்குத்தான் சொன்னீங்க" என்று காசை வைத்தார். "ஆணி குத்தினால் அழ வேண்டாம், நான் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஈசல் மாதிரி கிளம்பி வந்தார்கள். "கொடுத்த தேதிக்குச் சட்டை தைத்துத் தருவேன், இந்த மாதத்திலிருந்து" என்று தையல்காரர் சத்தியம் செய்தார். மருந்துக்கடைக்காரர், "எந்த டாக்டர் கையெழுத்தையும் படித்துக்காட்டுவேன்" என்றார். விற்க ஒன்றுமில்லாதவர்களும் வந்தார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர், "எட்டாம் வகுப்பே, பரீட்சை திங்கட்கிழமைதான், தள்ளிப் போகவில்லை" என்று போட்டாள். ஒரு பெரியவர், "எதிர்வீட்டுக்காரரே, ஏணியைத் திருப்பித் தாருங்கள்" என்று கொடுத்தார். மறுநாளே எதிர்வீட்டுக்காரர் வந்து, "ஏணி உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு வரி வாங்கினார். இந்த ஏணிச் சண்டை எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்காகவே பேப்பர் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். வரிசையில் தையல்காரருக்குப் பின்னால் மேல்மாடி நின்றுகொண்டிருந்தார். முழுப்பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பேரு?"

"ஒரு கணவன்னு போட்டுக்கங்க."

"எழுத்தைக் குடுங்க. காசு சரியா வைங்க, சில்லறை இல்ல."

அவர் சீட்டை நீட்டினார். "இனிமேல் தண்ணீர் காய்ச்சினால் சொல்லிவிட்டுக் காய்ச்சுவேன்" என்றிருந்தது. அவள் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்து!" என்று அதட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே மஞ்சள் படியில் கால் வைத்து ஏறிப் போனார்.

கீழ்ப்பாதி போதவில்லை. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம், கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் என்று வரிகள் வழிந்தன. மாசம் முடியப் போகிற சமயத்தில் ஆசிரியரம்மா இறங்கி வந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்கமாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், இடம் கச்சிதமாக ஒரு முழுப்பக்கம் வந்தது. ஒரே ஒரு வரிக்கு மட்டும் இடம் மிச்சம். வரி விற்ற காசோடு பேப்பர் விற்பனையும் கூடியதில் காகிதத்துக்குக் காசு வந்தாயிற்று, சம்பளத்துக்கும் வந்தாயிற்று. பெரிய கம்பெனிக்கு, "மாடி இல்லாமல் விற்பதாக இல்லை, மாடியோடும் விற்பதாக இல்லை" என்று ஆசிரியரம்மா எழுதிப் போட்டுவிட்டார். "அடுத்த மாசமும் இவங்க வருவாங்களாக்கா?" என்று மட்டும் கொஞ்சம் பயத்தோடு கேட்டார். "வராம எங்கம்மா போவாங்க? ஏணி இன்னும் கெடைக்கலையே" என்றாள் முழுப்பக்கம்.

அவள் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. தண்ணீர் முதலாளி. ஆளனுப்பவில்லை, தானே வந்திருந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இயந்திரம், குழாய், தொட்டி எல்லாத்தையும் மாத்திட்டேம்மா. போன்ல விளம்பரம் போட்டேன், யாரும் நம்பல. உங்க பேப்பர்ல வந்திருக்கான்னு கேக்குறானுங்க! உன் வீட்டுக்காரரே வந்து தண்ணி புடிச்சிட்டுப் போய்ப் பாக்கட்டும். மேல போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல. கீழ எனக்கு இடம் வேணும். முழுப்பக்கம்."

அவளுக்குச் சரியாகத்தான் கேட்டதா? ஆயுசு பூரா ஒவ்வொரு வாசலாக நின்று அவள் கேட்ட வார்த்தை. இன்று ஒருவர் அவள் வாசலுக்கு வந்து, அவளிடம், அவராகக் கேட்கிறார். காசோலைப் புத்தகம்கூட வெளியே வந்துவிட்டது.

முழுப்பக்கம் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள்.

"முழுப்பக்கம் வித்துப் போச்சு முதலாளி."

"வித்துப் போச்சா? யார்ம்மா வாங்கினது?"

அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பஞ்சர்காரர், தையல்காரர், ஏணிக்காரர், எட்டாம் வகுப்பு, ஒரு கணவன். அவர் மேலிருந்து கீழே வரைக்கும் விரலை வைத்துப் படித்தார். நடுவில் எங்கேயோ அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கடைசில ஒரு வரி இருக்கு. டீ விலைதான்" என்றாள்.

முதலாளி காசோலைப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் சில்லறை தேடினார். பேனாவை வாங்கி வெகுநேரம் யோசித்தார், எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், கண்ணைத் திறந்துகொண்டு வந்து பாருங்கள்" என்று நீட்டினார்.

அவர் கார் கிளம்பியதும் முழுப்பக்கம் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். மஞ்சள் படிக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்று, அண்ணாந்து பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மேல்மாடி! முழுப்பக்கம் வித்துட்டேங்க!"

மாடியில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் எல்லாரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள்.